மலையுச்சியிலிருந்து பூமியை அளந்தவர்

கி.பி. 973ஆம் ஆண்டு, இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள காத் என்னும் நகரில் பிறந்தவர் அல்பிரூனி. பதினேழு வயதிலேயே சூரியனின் உயரத்தை அளந்து தம் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டார். 997ஆம் ஆண்டு சந்திர கிரகணம் ஒன்றைக் காத் நகரில் அவரும் பக்தாத்தில் அபுல் வஃபா என்ற அறிஞரும் பார்த்து, நேரத்தைக் குறித்துக்கொண்டனர். அந்த நேர வேறுபாடே இரு நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைக் காட்டியது.

1017ஆம் ஆண்டு, கஜினியை ஆண்ட சுல்தான் மாமூது அந்நாட்டைக் கைப்பற்றினார். அறிஞர்கள் பலர் கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அல்பிரூனியும் அவர்களுள் ஒருவர். அரசவையில் அவர் விருந்தினரா கைதியா என்று சொல்வது கடினம். ஆயினும், அவரது கல்வி நிற்கவில்லை. சுல்தானின் படைகள் வென்ற இந்தியப் பகுதிகளுக்குச் செல்லும் வாய்ப்பு கிடைத்தபோது, நாற்பது வயதைக் கடந்திருந்த அவர் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். பண்டிதர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் இந்தியரின் சமயம், வானியல், கணிதம், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டார். பதஞ்சலியின் யோக நூலை அரபு மொழியில் பெயர்த்தார்.

இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையில் அவர் செய்த ஆய்வு வியப்புக்குரியது. முன்பு பூமியை அளக்க விரும்பியோர் பாலைவனத்தில் நெடுந்தூரம் நடந்து அளந்தனர். அல்பிரூனிக்கு ஒரு மலையே போதுமானதாக இருந்தது. முதலில் சமவெளியில் நின்று அதன் உயரத்தைக் கணக்கிட்டார். பிறகு உச்சியில் ஏறி, தொடுவானம் கண்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்தார். உயரமும் கோணமும் கிடைத்ததும் பூமியின் ஆரத்தைக் கணித்தார். அவர் கண்ட அளவு இன்றைய அளவுக்கு நெருக்கமானது.

1030ஆம் ஆண்டு வாக்கில், இந்தியாவைப் பற்றி எண்பது அத்தியாயங்கள் கொண்ட நூலை எழுதி முடித்தார். இந்தியரின் கொள்கைகளை அவர்கள் கூறுகின்றவாறே எடுத்துரைத்தார். பிற நாட்டாரை மதிக்காத பண்டிதர்களின் செருக்கையும் மறைக்கவில்லை. சுல்தானின் படையெடுப்புகளால் நாடு பாழானதையும், கல்வி காசுமீரம், காசி போன்ற தொலைவிடங்களுக்கு ஒதுங்கிப்போனதையும் அதில் எழுதினார். அப்போது சுல்தான் இறந்து சிறிது காலமே ஆகியிருந்தது. அவரது குடும்பமே இன்னும் ஆட்சியில் இருந்தது. அல்பிரூனி வாழ்ந்ததும் அவர்களின் தலைநகரில்தான்!

முதுமையிலும் அவர் எழுதுவதை விடவில்லை. இரத்தினங்களையும் உலோகங்களையும் ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஏறக்குறைய 1050ஆம் ஆண்டில் மறைவதற்குமுன், மருந்துப் பொருள்களைப் பற்றிய நூலொன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார். மூலிகைகளின் பெயர்களை அதில் அரபு, பாரசீகம், கிரேக்கம், சமஸ்கிருதம் எனப் பல மொழிகளில் குறித்து வைத்திருந்தார்.