பட்டம் பெறாத பழைய மாணவர்: டோர்ணக்கல் பிஷப் அசரியா

விஜயவாடாவிலிருந்து காஜிப்பேட்டை மார்க்கமாக சிகந்திராபாத் செல்லும் தமிழர்கள் வழியில் டோர்ணக்கல் ஜங்ஷனைக் கடந்து போகிறார்கள். பத்ராசலம் ரோடுக்குக் கிளைப்பாதை பிரியும் இடம் அது. நிலக்கரி வண்டிகளைத் தவிர வேறொன்றும் அங்கே இல்லை என்றே பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தச் சிற்றூரில் பெரியதொரு தேவாலயம் நிற்கிறது. மசூதியைப் போல் குவிமாடமும் மினாரும், கோயில் மண்டபத்தைப் போல் தூண்களும் கொண்ட கட்டடம் அது. அதைக் கட்டி எழுப்பியவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக அல்ல, பணிக்காக வந்த ஒரு தமிழர். அவர்தான் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1837-ல் தொடங்கிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் பழைய மாணவர்களை நினைவுகூரும்போது, ராஷ்டிரபதியாக விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் முதலான பல பெயர்களைச் சொல்வது வழக்கம். அசரியாவும் அந்த வரிசையில் வருபவரே. ஆனால் அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் அக்கல்லூரியில் பட்டம் பெறவில்லை.

கிராமத்துப் பிள்ளை

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள வெள்ளாளன்விளை கிராமத்தில் 1874-ம் ஆண்டு ஆகஸ்ட் 17-ந் தேதி அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். மகனுக்குப் பதினைந்து வயது நிறைவதற்குள் தந்தை காலமாகிவிட்டார். தாயார் எல்லன் அம்மையார் கண்டிப்பும் பக்தியும் மிக்கவர். அவருடைய வளர்ப்பே மகனை உருவாக்கியது.

மெய்ஞ்ஞானபுரம் போர்டிங் பள்ளியிலும், பிறகு திருநெல்வேலியிலும் படித்துவிட்டு அசரியா சென்னைக்கு வந்தார். அந்நாளில் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுனில் இருந்தது. டாக்டர் வில்லியம் மில்லர் அதன் முதல்வர். அசரியா எடுத்துக்கொண்ட பாடம் கணிதம். சேலத்துக்காரரான கே. டி. பால் அங்கே அவருக்கு நண்பரானார். பின்னாளில் முதல் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்ற அதே கே. டி. பால்தான் இவர்.

பரீட்சை நெருங்கிய வேளையில் அசரியா நோயில் விழுந்தார். பட்டம் கைக்கு எட்டாமல் போயிற்று. பி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்கு இருந்த மதிப்பு அந்நாளில் சாதாரணமானதல்ல. உத்தியோகம், மரியாதை, கல்யாணச் சம்பந்தம் எல்லாமே அதைச் சுற்றித்தான் இருந்தன. தகப்பனில்லாத கிராமத்துப் பையனுக்கு அது எத்தகைய அடி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் அதையே நினைத்து முடங்கிக் கிடக்கவில்லை. 1895-ல் கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.யில் காரியதரிசியாகச் சேர்ந்து, தென்னிந்தியா முழுவதும் ஊர் ஊராகச் சுற்றினார். பதினான்கு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். 1898-ல் அன்பு மாரியம்மாள் அவருக்கு வாழ்க்கைத் துணையானார்.

யாழ்ப்பாணம் காட்டிய வழி

1902-ல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், தங்கள் ஆட்களையே வேற்றூருக்கு ஊழியத்துக்கு அனுப்பி வந்தார்கள். திருநெல்வேலிச் சபைகள் அதைவிடப் பெரியவை. ஆனாலும் வெள்ளைக்காரர் செய்வார்கள் என்று காத்திருந்தன. இந்த எண்ணம் அவர் மனதை உறுத்தியது. ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903-ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. அந்தச் சங்கம் தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் சமஸ்தானத்தில் டோர்ணக்கல்லைச் சுற்றியிருந்த தெலுங்குப் பகுதி. 1905-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அசரியா முன்னணியில் நின்றார்.

சங்கம் வளர வளர அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. மற்றவர்களைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் சென்னையில் உட்கார்ந்திருப்பது நியாயமா? 1909-ல் அவர் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார். குருப்பட்டம் பெற்று டோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். முப்பத்தைந்தாம் வயதில் தெலுங்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

எடின்பரோவில் ஒரு பேச்சு

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. வந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பியரும் அமெரிக்கரும். அந்தச் சபையில் அசரியா பேச எழுந்தார். இந்தியாவில் வெள்ளை மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றி ஒளிவு மறைவில்லாமல் பேசினார். பணம் தருகிறார்கள், உழைக்கிறார்கள், தியாகம் செய்கிறார்கள். ஆனால் சமமாக உட்காரவைத்து நட்பு பாராட்டுவதில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் தலை குனிந்தார்கள். அவர் கேட்டது சலுகையல்ல, நட்பு. எஜமானரின் முகத்துக்கு நேரே இதைச் சொல்ல அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குத் துணிவிருந்தது?

முதல் இந்திய பிஷப்

சென்னை பிஷப்பாக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட், ஓர் இந்தியரை பிஷப் ஆக்கவேண்டும் என்று விடாமல் முயன்றார். எதிர்ப்பு பலமாக இருந்தது. இந்தியருக்குக் கீழே வெள்ளைக் குருமார் வேலை செய்வதா என்று கேட்டவர்கள் உண்டு. இந்தியக் கிறிஸ்தவர்களிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் மீறி, 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தா செயின்ட் பால் பேராலயத்தில் அசரியா டோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிகன் சபையின் முதல் இந்திய பிஷப் அவரே. 1920-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ எல்.எல்.டி. பட்டம் அளித்தது. சென்னையில் தவறிய பட்டத்துக்குப் பதிலாக, கடல் கடந்து ஒரு பட்டம் வந்து சேர்ந்தது!

ஆரம்பத்தில் டோர்ணக்கல் மிகச் சிறிய திருமண்டலம். 1920-க்குப் பிறகு கிருஷ்ணா ஜில்லா முதலிய பகுதிகளும் சேர்ந்து விரிவடைந்தது. சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா வகுப்பு ஏழைக் கூலிகள். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய், அவர்கள் நடுவே கூடாரமடித்துத் தங்கி, அவர்கள் தெலுங்கிலேயே போதித்தார் அசரியா. மாலாவும் மாதிகாவும் ஒருவரையொருவர் தீண்டாத காலம் அது. இருவரும் ஒரே பந்தியில் உட்காரவேண்டும் என்றார். குடியை ஒழிக்கச் சொன்னார். ஏழைகளும் ஒரு பிடி அரிசியாவது காணிக்கையாகத் தரவேண்டும் என்றார். வாங்கியே பழகிய கைக்குக் கொடுக்கும் பெருமையைக் கற்றுத் தந்ததுதான் அவர் செய்த பெரிய வேலை. 1930-களின் நடுவில் அத்திருமண்டலத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதுவே ஒரு பெரிய கருத்து வேற்றுமைக்கும் காரணமாயிற்று. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதை மகாத்மா காந்தி ஏற்கவில்லை. தன் மனச்சாட்சிப்படி மதத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டு என்பதில் அசரியா உறுதியாக நின்றார். ஆனால் அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுப்பதை எதிர்த்தார் என்பதை மறக்கக்கூடாது. தேசத்தில் ஒரு தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்று சலுகை கேட்பது சபைக்கு நல்லதல்ல என்பது அவர் கருத்து.

மீண்டும் கல்லூரிக்கு

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரத்தில் நடந்தது. கூடிய இடம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அதற்கு முந்திய ஆண்டுதான் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. பல தேசத்துப் பிரதிநிதிகள் வந்திருந்த அம்மாநாட்டில் இந்தியாவின் தேசிய கிறிஸ்தவ கவுன்சில் தலைவராக அசரியா பங்கு கொண்டார். பரீட்சை எழுதி முடிக்காமல் போன மாணவர், கல்லூரியே பெருமைப்படும் விருந்தினராகத் திரும்பி வந்தார்.

அடுத்த மாதமே, 1939 ஜனவரி 6-ந் தேதி, டோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. சீமையில் உள்ள கோபுரத்தைப் போல் கட்டாமல், இந்துவும் முஸ்லிமும் தம் ஊர்க் கட்டடம் என்று அடையாளம் காணும்படி கட்டவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

1945-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அசரியா டோர்ணக்கல்லில் காலமானார். பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாகவேண்டும் என்று 1919-ல் தரங்கம்பாடியில் கூடிப் பேசியவர்களில் அவர் முக்கியமானவர். 1947 செப்டம்பர் 27-ந் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதைக் காண அவர் இல்லை.

அவர் உடல் திருநெல்வேலிக்குத் திரும்பவில்லை. டோர்ணக்கல் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. வந்த இடத்தின் மொழியைக் கற்று, அந்த மக்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தவருக்கு அது வேற்றூராக இருக்கவில்லை. அடுத்த முறை அந்த மார்க்கமாகப் போகும்போது, டோர்ணக்கல் வந்ததும் ஒரு கணம் ஜன்னல் வழியே பாருங்கள். நம்மவர் ஒருவர் அங்கே உறங்குகிறார்.