பேசிக் மொழி தந்த பேராசிரியர் ஜோன் கெமனி

கணினியை வைத்திருப்பது ஒன்று. அதற்குக் கட்டளையிடத் தெரிந்திருப்பது வேறொன்று. இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் களனியிலும் கைத்தொலைபேசியில் விளையாடாத பிள்ளைகள் குறைவு. அந்த விளையாட்டு எப்படி ஆக்கப்படுகிறது என்று அறிந்த பிள்ளைகளும் குறைவுதான். கணினிக்குக் கட்டளையிடும் வித்தையை எந்த மாணவருக்கும் கற்றுக்கொடுக்கலாம், அதையும் இலவசமாகவே கொடுக்கலாம் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் செய்து காட்டியவர் ஒரு கணிதப் பேராசிரியர். அவர் பெயர் ஜோன் ஜோர்ஜ் கெமனி. நண்பர் தோமஸ் கேர்ட்ஸுடன் சேர்ந்து அவர் ஆக்கிய பேசிக் என்னும் நிரல்மொழி, உலகெங்கும் இலட்சக்கணக்கான சிறுவர் சிறுமியர் முதன்முதலில் கற்ற கணினி மொழியாயிற்று.

கெமனி 1926ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு வணிகர். ஜேர்மனியில் ஹிட்லரின் கை ஓங்குவதைக் கண்ட அவர், வரப்போகும் ஆபத்தை உணர்ந்து முதலில் தாம் மட்டும் அமெரிக்கா சென்றார். 1940இல் மனைவி மக்களையும் அங்கே அழைத்துக்கொண்டார். பிறந்த மண்ணை விட்டு வர மறுத்த பாட்டனாரும் வேறு சில உறவினரும் பின்னர் நடந்த இனப்படுகொலையில் மாண்டனர்.

நியூயோர்க் நகரில் வந்திறங்கியபோது கெமனிக்கு 13 வயது. ஆங்கிலம் அவருக்கு அந்நிய மொழி. ஆனாலும் மூன்றே ஆண்டுகளில் தமது உயர்தரப் பாடசாலையின் முதல் மாணவராகத் தேறி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்கச் சென்றார். புரியாத ஒரு மொழிக்கு முன்னால் நிற்பவரின் திகைப்பு எப்படிப்பட்டது என்பதை அவர் சிறு வயதிலேயே அனுபவித்தவர். பிற்காலத்தில் அவர் ஆக்கிய மொழி அத்தனை எளிமையாக இருந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

படிப்பின் இடையே இரண்டாம் உலகப் போர் அவரை இராணுவத்துக்கு அழைத்தது. 1945இல் அணுகுண்டு ஆய்வு நடந்த லொஸ் அலமோஸ் என்னும் இடத்தில், கணக்கிடும் பிரிவில் அவர் அமர்த்தப்பட்டார். அங்கே நவீன கணினி எதுவும் இல்லை. துளையிட்ட அட்டைகளை வாசிக்கும் கணக்கியல் இயந்திரங்களே இருந்தன. அவற்றை இரவு பகலாக மாறி மாறி இயக்கியும் ஒரு கணக்குக்கு விடை காண வாரக்கணக்கில் சென்றது. அந்த ஓராண்டு முழுவதும் ஒரு பெரிய குழு செய்த வேலையை, பிற்காலத்தில் தம் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில் செய்துவிடலாம் என்று கெமனியே கணக்கிட்டுக் கூறினார். கணக்கிடும் ஆற்றல் ஒரு சிலரின் கையில் மட்டும் இருந்த அந்தக் காலத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

போர் முடிந்தபின் பிரின்ஸ்டனுக்குத் திரும்பிய கெமனி, 1949இல் 23 வயதில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அல்பேர்ட் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகப் பணியாற்றும் பேறும் அவருக்குக் கிடைத்தது. 1953இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்னும் சிற்றூரில் உள்ள டார்ட்மத் கல்லூரி அவரைக் கணிதப் பேராசிரியராக அழைத்தது. 27 வயதில் முழுப் பேராசிரியராவது எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

தொடக்கத்தில் டார்ட்மத்தில் கணினி இல்லை. இவருடன் பணியாற்றிய கேர்ட்ஸ், துளையட்டைகள் நிறைந்த பெட்டியைச் சுமந்துகொண்டு புகைவண்டியேறி, மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்துக்குச் சென்று நிரல்களை ஓடவிட்டுத் திரும்புவார். ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அத்தனை தூரப் பயணமும் வீண். அடுத்த பயணம் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் இருவர் மனத்திலும் ஓர் எண்ணம் வேரூன்றியது. நூலகத்துக்குள் நுழையும் மாணவர் எவரிடமும் அனுமதி கேளாமல் விரும்பிய புத்தகத்தை எடுத்துப் படிக்கிறார். கணினியும் அப்படித் திறந்திருக்க வேண்டும். அன்று டார்ட்மத் மாணவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விஞ்ஞானமோ பொறியியலோ படிக்காதவர்கள். இலக்கியமும் வரலாறும் படிக்கும் அவர்களே பின்னாளில் நாட்டை நடத்துவோராக வரக்கூடும். அவர்களுக்கும் கணினி தெரிய வேண்டும் என்பது கெமனியின் உறுதியான எண்ணம்.

அதற்குத் தடைகள் இரண்டு. ஒன்று, கணினி ஒரே நேரத்தில் ஒருவருக்கே பயன்பட்டது. மற்றது, அன்றிருந்த போர்ட்ரான் முதலிய மொழிகள் தொடக்க மாணவருக்குக் கடினமாயிருந்தன. முதல் தடைக்கு நேரப்பகிர்வு முறை தீர்வாயிற்று. கணினி ஒவ்வொருவருக்கும் கணநேரம் ஒதுக்கி, மிக விரைவாக மாறி மாறிப் பணி செய்யும். அதனால் ஒவ்வொருவருக்கும் அது தமக்கே உரியதுபோலத் தோன்றும். இரண்டாவது தடைக்குத் தீர்வாகப் பிறந்ததே பேசிக். அதன் தொகுப்பியை கெமனி 1963இல் எழுதத் தொடங்கினார். நேரப்பகிர்வுக்கான நிரலை எழுதியவர்கள் பட்டம் பெறாத இளம் மாணவர்கள். அத்தகைய பெரும் பொறுப்பை மாணவரிடம் ஒப்படைத்தது அன்று பலருக்கு வியப்பாயிருந்தது.

1964 மே 1ஆம் திகதி அதிகாலை நான்கு மணியளவில், கல்லூரிக் கட்டடம் ஒன்றின் நிலத்தடி அறையில், இரண்டு பேசிக் நிரல்கள் ஒரே கணினியில் ஒருமித்து ஓடிச் சரியான விடை தந்தன.

பேசிக்கின் முதற் பதிப்பில் சுமார் பதினான்கு கட்டளைச் சொற்களே இருந்தன. அச்சிடுக என்பதற்கு பிரின்ட், மதிப்பைக் கொடுக்க லெட், இப்படியானால் இதைச் செய் என்பதற்கு இஃப், தென், திரும்பத் திரும்பச் செய்ய ஃபோர், நெக்ஸ்ட் என எல்லாம் அன்றாட ஆங்கிலச் சொற்கள். சில விரிவுரைகளைக் கேட்ட மாணவர் தாமே நிரல் எழுதத் தொடங்கினர். அதற்கு அவர்களிடம் கட்டணம் வாங்கப்படவில்லை.

மாணவர் கையில் கருவி கிடைத்தால் விளையாட்டும் வரும். பேராசிரியரும் அதற்கு விலக்கல்லர். 1965 நவம்பரில் டார்ட்மத் அணி, கெமனி படித்த பிரின்ஸ்டனை அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் வென்றது. அந்த மகிழ்ச்சியில் கெமனி ஒரு கால்பந்தாட்ட விளையாட்டையே பேசிக்கில் எழுதினார். அன்று திரை இல்லை. தொலைத்தட்டச்சுப் பொறி தாளில் ஒவ்வொரு நகர்வையும் எழுத்தில் அச்சிடும். நட்சத்திரக் குறிகளை இடம் பார்த்து அச்சிட்டு வளைகோடுகளும் படங்களும் வரைந்தார்கள். விளையாட்டை நேர விரயம் என்று கெமனி தடுக்கவில்லை. இயந்திரத்தின் மீதுள்ள அச்சம் விளையாடும்போது நீங்கிவிடும் என்பதை அவர் கண்டிருந்தார்.

தாங்கள் ஆக்கிய மொழிக்கு இருவரும் உரிமைக் கட்டணம் கேட்கவில்லை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டனர். அதனால் 1975க்குப் பின் வீட்டுக் கணினிகள் வரத் தொடங்கியபோது, அவற்றுள் பெரும்பாலானவை பேசிக்குடனேயே வந்தன. பில் கேட்ஸும் போல் அலனும் தம் தொழிலை ஒரு பேசிக்கை எழுதியே தொடங்கினர். டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டு நூல் பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. திரையில் வட்டம் வரைய ஒரே கட்டளை போதுமென்ற நிலையும் வந்தது. மொழியைக் கொண்டு மற்றவர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். கெமனியோ ஆசிரியராகவே இருந்தார்.

1970இல் அவர் டார்ட்மத்தின் தலைவரானார். 1769இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி இரு நூற்றாண்டுகளாக ஆண்களுக்கு மட்டுமே பட்டப்படிப்பு அளித்து வந்தது. பெண்களைச் சேர்க்கப் பழைய மாணவர் பலர் விரும்பவில்லை. இடம் போதாது என்ற வாதமும் எழுந்தது. கல்லூரியை ஆண்டு முழுவதும் நடத்தி, மாணவர் முறை வைத்துக் கற்கும் திட்டத்தால் கெமனி அதைத் தீர்த்தார். புதிதாகப் பெரிய கட்டடங்கள் எழுப்பாமலே கூடுதலான மாணவருக்கு இடம் கிடைத்தது. ஒரு கணினியைப் பலருக்குப் பகிர்ந்தவர், ஒரு கல்லூரியையும் அப்படியே பகிர்ந்தார். 1972இல் பெண்கள் முழு மாணவியராக உள்ளே வந்தனர். தலைமைப் பொறுப்பின் நடுவிலும் அவர் வகுப்பெடுப்பதைக் கைவிடவில்லை.

1979இல் திரீ மைல் ஐலன்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, ஜனாதிபதி கார்ட்டர் விசாரணைக் குழுவின் தலைவராகக் கெமனியை நியமித்தார். இயந்திரக் கோளாற்றைவிட, அதை இயக்கியவர்களுக்குப் போதிய பயிற்சியும் விளங்கக்கூடிய தகவலும் கிடைக்காமையே பெருங்குறை என்று அக்குழு கண்டது. இயந்திரம் மனிதருக்கு விளங்க வேண்டும் என்ற அவரது வாழ்நாட் கொள்கை அங்கும் பொருந்தியது.

1981இல் தலைமைப் பதவியை விட்டு மீண்டும் வகுப்பறைக்கே சென்றார். கேர்ட்ஸுடன் சேர்ந்து பேசிக்கைப் புதுப்பித்து, வரைபடம் வரையும் வசதியுடன் ட்ரூ பேசிக் என்ற பெயரில் வெளியிட்டார். 1992 டிசம்பர் 26ஆம் திகதி தமது 66ஆவது வயதில் காலமானார்.

கெமனி தொடங்கிய பணி நிற்கவில்லை. இன்று ஸ்மோல் பேசிக், ஸ்கிராட்ச், பைதன் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்ற இலவச மொழியும் உண்டு. அன்று ஒரு கல்லூரி முழுவதும் பகிர்ந்த கணினியைவிடப் பன்மடங்கு ஆற்றல் கொண்ட கருவி இன்று உம்மாவின் கைப்பையில் இருக்கிறது.

சகோதரிகளே, ஒரு சிறு விளையாட்டிலிருந்து தொடங்கலாம். கணினி 1 முதல் 100 வரை ஓர் எண்ணை எழுமாறாக மனத்தில் வைக்கட்டும். நாம் ஊகிக்க, அது பெரிது, சிறிது என்று மட்டும் சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள எண்ணைக் கேட்டால், அதிகம் போனால் ஏழாவது ஊகத்தில் விடை அகப்பட்டுவிடும். ஏன் ஏழு என்பதற்கு விடை கணிதப் பாடத்தில் இருக்கிறது. இந்த நிரலை எழுதப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் விளையாடிக்கொண்டிருந்தால், அது பிறர் ஆக்கிய விளையாட்டா, அவள் தானே ஆக்கியதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தானே ஆக்கியது என்றால் இன்னும் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள்.