வில்லியம் பிரீமன் மைரிக் கோஸ்

வில்லியம் பிரீமன் மைரிக் கோஸ் (அக்டோபர் 7, 1859 - மார்ச் 23, 1928) அமெரிக்க இயந்திரப் பொறியியலாளரும் பேராசிரியரும் ஆவார். நீராவித் தொடர்வண்டி எஞ்சின்களைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வைத்து முறையாக அளந்து ஆராயும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர். இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1891 ஆம் ஆண்டில் இவர் அமைத்த எஞ்சின் சோதனை நிலையம், ஒரு கல்வி நிறுவனத்தில் நிறுவப்பட்ட இவ்வகையின் முதல் நிலையான சோதனை நிலையம் ஆகும். நிலக்கரிச் சிக்கனம், கொதிகலன் அழுத்தம், மீவெப்ப நீராவி, காற்றுத் தடை, தீப்பொறிகள் ஆகியவை குறித்த இவரது அளவீடுகள் தொடர்வண்டி நிறுவனங்களால் பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டன. 1913 இல் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

இளமையும் கல்வியும்

கோஸ் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பார்ன்ஸ்டபிள் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கைத்தொழிற் கல்விப் பிரிவில் பயின்று 1879 இல் வெளிவந்தார். 1876 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் நடைபெற்ற நூற்றாண்டுக் கண்காட்சியில் உருசியத் தொழிற்கல்வி முறை காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்ட கழகத் தலைவர் ஜான் ரங்கிள் அம்முறையைப் பின்பற்றி இப்பிரிவைத் தொடங்கியிருந்தார். ஒரு பொருளைச் செய்து முடிப்பதை விட, அதற்குத் தேவையான ஒவ்வொரு செயலையும் தனித்தனியே வரிசையாகக் கற்பிப்பது அம்முறையின் அடிப்படை ஆகும்.

1879 ஆம் ஆண்டிலேயே, தமது இருபதாம் வயதை ஒட்டி, கோஸ் பர்டூ பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராகச் சேர்ந்தார். அங்கு மரவேலை, உலோகவேலைப் பட்டறைகளைத் தொடங்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மரவேலைக் கருவிகளைப் பற்றி அவர் எழுதிய பாடநூல் பல பள்ளிகளில் பயன்பட்டது. 1890 இல் சோதனைப் பொறியியல் பேராசிரியரானார். பின்னர் 1900 முதல் 1907 வரை பர்டூவின் பொறியியல் புலத்திற்கு முதல் தலைவராகப் பணியாற்றினார்.

சோதனை நிலையம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தொடர்வண்டி நிறுவனங்களின் பெருஞ்செலவுகளில் ஒன்று எஞ்சின்களுக்கான நிலக்கரி ஆகும். எனினும் ஓர் எஞ்சின் எவ்வளவு கரியை எரித்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பாதையில் ஓடும் வண்டியில் அளவெடுக்கும்போது ஏற்ற இறக்கம், காற்று, மழை, நிறுத்தங்கள், ஓட்டுநரின் கைப்பழக்கம் ஆகிய அனைத்தும் முடிவை மாற்றின. ஒரே எஞ்சின் இரு நாட்களில் இருவேறு முடிவுகளைத் தந்தது. இதனால் புதிய அமைப்பு ஒன்று உண்மையிலேயே சிக்கனமானதா என்பது முடிவுறாத விவாதமாகவே நீடித்தது.

உருசியப் பேரரசில் அலெக்சாண்டர் பொரோடின் என்னும் பொறியாளர் 1880களில் கீவ் நகரப் பணிமனையில் ஓர் எஞ்சினை நிலையாக நிறுத்தி இயக்கிச் சோதனைகள் செய்திருந்தார். கோஸ் இக்கருத்தை விரிவுபடுத்தி, முழு எஞ்சினையும் அதன் முழு ஆற்றலில் நீண்ட நேரம் இயக்கத்தக்க நிலையம் ஒன்றை வடிவமைத்தார்.

இதன் செயல்முறை வருமாறு:

- எஞ்சினின் இயக்கு சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் அல்லாமல், தரைக்குக் கீழே அமைந்த தாங்கு சக்கரங்களின் மேல் நிற்கும்.
- எஞ்சின் இயங்கும்போது தாங்கு சக்கரங்கள் எதிர்த்திசையில் சுழலும். எஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும்.
- தாங்கு சக்கரங்களின் அச்சுகளில் உராய்வுத் தடைகள் பொருத்தப்பட்டிருக்கும். இவற்றை இறுக்கியும் தளர்த்தியும் எஞ்சினின் மேல் வேண்டிய அளவு சுமையை ஏற்றலாம்.
- எஞ்சினின் பின்புற இணைப்பு ஓர் இழுவிசை அளவியுடன் பிணைக்கப்பட்டிருக்கும்.
- எரிக்கப்படும் கரி, கொதிகலனுக்குச் செல்லும் நீர், உருளைகளில் உள்ள நீராவியின் அழுத்தம் ஆகியவை தொடர்ந்து அளக்கப்படும்.

இதற்காக இஸ்கெனெக்டடி எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து 85,000 பவுண்டு (சுமார் 38.5 டன்) எடையுள்ள எஞ்சின் ஒன்று வாங்கப்பட்டது. அதன் உருளைகள் 17 அங்குல விட்டமும் 24 அங்குல வீச்சும் கொண்டவை. பல்கலைக்கழகத்திற்கு இருப்புப்பாதை இணைப்பு இல்லாததால், தற்காலிகத் தண்டவாளங்களைப் பரப்பி எஞ்சினைச் சோதனைக்கூடத்திற்குக் கொண்டுவந்தனர். தொழிற்சாலையின் பெயராலேயே அது இஸ்கெனெக்டடி என அழைக்கப்பட்டது.

1894 தீ விபத்து

பர்டூவின் புதிய பொறியியல் கட்டடமான ஹெவிலன் மண்டபம் 1894 ஜனவரி 19 அன்று திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின், ஜனவரி 23 அன்று இரவு, அது தீக்கிரையானது. சோதனை நிலையமும் எஞ்சினும் தீயில் சேதமடைந்தன. கோஸ் மூன்று ஆண்டுகளாக உருவாக்கிய ஏற்பாடு ஒரே இரவில் அழிந்தது. பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் இஸ்மார்ட், மண்டபத்தின் கோபுரத்தை முன்பிருந்ததை விட ஒரு செங்கல் உயரமாகக் கட்டப்போவதாக மாணவர்களுக்கு உறுதியளித்தார்.

எஞ்சின் இடிபாடுகளிலிருந்து மீட்டுச் செப்பனிடப்பட்டது. சோதனை நிலையம் முந்தையதை விட மேம்பட்ட வடிவில் தனிக் கட்டடத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது. 1897 இல் உயர் அழுத்தத்தைத் தாங்கும் கொதிகலனுடன் இஸ்கெனெக்டடி எண் 2 என்னும் புதிய எஞ்சின் பழையதன் இடத்தைப் பெற்றது.

முக்கிய ஆய்வுகள்

சக்கரமும் தண்டவாளமும்: எஞ்சினின் முன்பின் அசையும் உறுப்புகளைச் சமப்படுத்த இயக்கு சக்கரங்களில் சமன் எடைகள் சேர்க்கப்படுகின்றன. மிகை வேகத்தில் இவ்வெடையே சக்கரத்தை மேலே தூக்கித் தண்டவாளத்தைச் சம்மட்டி போல் அடிக்கும் என்னும் ஐயம் இருந்தது. கோஸ் இதை எளிய முறையில் சோதித்தார். ஓடும் எஞ்சினின் சக்கரத்திற்கும் தாங்கு சக்கரத்திற்கும் இடையே மெல்லிய இரும்புக் கம்பிகளைச் செலுத்தினார். அழுத்தம் மிகுந்த இடத்தில் கம்பி தட்டையானது. சக்கரம் தூக்கிய இடத்தில் கம்பி நசுங்காமல் வெளிவந்தது. சக்கரம் மெதுவாக எழுந்து விரைவாக விழுகிறது என்பதும் இதனால் தெரியவந்தது. பாதைக்கு ஏற்படும் சேதத்தின் காரணத்தை இச்சோதனை கண்கூடாகக் காட்டியது.

காற்றுத் தடை: சரக்குப் பெட்டிகளின் சிறிய மாதிரிகளை நீண்ட காற்றுக்குழாய் ஒன்றினுள் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று செலுத்தும் விசையை அளந்தார். வரிசையின் நடுவில் உள்ள ஒரு பெட்டியை விட முதல் பெட்டி ஏறத்தாழ பத்து மடங்கும், கடைசிப் பெட்டி ஏறத்தாழ இரண்டரை மடங்கும் விசையை ஏற்றன. நீண்ட தொடர்வண்டியில் கூடுதலாக இணைக்கப்படும் பெட்டி ஒவ்வொன்றும் காற்றுத் தடையைச் சிறிதளவே கூட்டுகிறது என்பது இதன் பொருள் ஆகும். விமானங்கள் பறக்கத் தொடங்கும் முன்பே இச்சோதனைகள் நடைபெற்றன.

நீராவி அழுத்தம்: கார்னெகி நிறுவனத்தின் நிதியுதவியுடன் நடைபெற்ற இவ்வாய்வின் அறிக்கை 1907 இல் வெளிவந்தது. அக்காலத்தில் கொதிகலன் அழுத்தத்தை மேலும் மேலும் உயர்த்துவதே சிக்கனத்திற்கு வழி எனக் கருதப்பட்டது. ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் பெறத் தேவைப்பட்ட நீராவியின் அளவு, சதுர அங்குலத்திற்கு 120 பவுண்டு அழுத்தத்தில் 29.1 பவுண்டாகவும், 180 பவுண்டு அழுத்தத்தில் 26.0 பவுண்டாகவும், 240 பவுண்டு அழுத்தத்தில் 24.7 பவுண்டாகவும் இருந்தது. முதல் 60 பவுண்டு உயர்வு 3.1 பவுண்டு நீராவியை மிச்சப்படுத்தியது. அடுத்த 60 பவுண்டு உயர்வு 1.3 பவுண்டை மட்டுமே மிச்சப்படுத்தியது. உயர் அழுத்தக் கொதிகலன் எடை மிகுந்தது. கசிவும் பராமரிப்புச் செலவும் கூடுதலாகும். எனவே 180 பவுண்டு அளவில் நின்று, மிஞ்சும் எடையைக் கொண்டு கொதிகலனைப் பெரிதாக்குவதே நன்று என கோஸ் முடிவு செய்தார்.

மீவெப்ப நீராவி: இரண்டாம் எஞ்சினில் மீவெப்பமூட்டி பொருத்தப்பட்டு அது இஸ்கெனெக்டடி எண் 3 எனப் பெயர் பெற்றது. கொதிகலனை விட்டு வெளியேறும் நீராவியை மேலும் சூடாக்கிய பின் உருளைக்கு அனுப்பினால் நீரில் 15 முதல் 20 விழுக்காடும், கரியில் 10 முதல் 15 விழுக்காடும் மிச்சமாகும் என இச்சோதனைகள் காட்டின. இவ்வறிக்கை 1910 இல் வெளிவந்தது. மீவெப்பமூட்டிகள் பின்னர் புதிய எஞ்சின்களில் பொதுவான உறுப்பாயின. மீவெப்பம் பரவிய பின் கொதிகலன் அழுத்தமும் உயர்ந்தது. 1930களின் அமெரிக்க எஞ்சின்கள் பல 250 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இயங்கின. ஆகவே 180 பவுண்டு என்னும் அவரது வரம்பு, மீவெப்பமில்லா எஞ்சின்களின் காலத்திற்குரிய முடிவாகவே கொள்ளப்பட வேண்டும்.

தீப்பொறிகள்: புகைபோக்கி வழியே வெளியேறும் எரியும் கரித்துகள்கள் வயல்களிலும் கட்டடங்களிலும் தீயை உண்டாக்குவதாக வழக்குகள் தொடரப்பட்டு வந்தன. இத்துகள்களின் அளவு, அவை சென்று விழும் தொலைவு, அவற்றால் வீணாகும் எரிபொருள் ஆகியவற்றை ஆராய்ந்து 1902 இல் தனிநூல் வெளியிட்டார்.

இவை தவிர, சரக்குப் பெட்டிகளின் காற்றுத் தடுப்பான்களையும் தடுப்புக் கட்டைகளையும் சோதிக்கும் கருவிகளைப் பெட்டி கட்டுநர் சங்கம் பர்டூவில் வைத்திருந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்யும் தடுப்பான்கள் ஒரே சரக்குத் தொடர்வண்டியில் இணைந்து இயங்க வேண்டியிருந்ததால், எந்த நிறுவனத்தையும் சாராத இடத்தில் அவற்றைச் சோதிப்பது இன்றியமையாததாக இருந்தது.

1904 இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பென்சில்வேனியா தொடர்வண்டி நிறுவனம் பெரிய சோதனை நிலையம் ஒன்றை அமைத்தது. அதன் ஆலோசனைக் குழுவில் கோஸ் இடம்பெற்றார். கண்காட்சிக்குப் பின் அந்நிலையம் அல்டூனா நகருக்கு மாற்றப்பட்டது.

இல்லினாய் பல்கலைக்கழகம்

1907 இல் கோஸ் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரித் தலைவரானார். பின்னர் பொறியியல் சோதனை நிலையத்தின் இயக்குநர் பொறுப்பையும் ஏற்றார். தொடர்வண்டிப் பொறியியலையும் நிருவாகத்தையும் இணைத்துக் கற்பிக்கும் பள்ளி ஒன்று அவரது தலைமையில் இயங்கியது.

இக்காலத்தில் பேராசிரியர் எட்வர்ட் ஷ்மிட், இழுவிசை அளக்கும் பெட்டி ஒன்றை உண்மையான சரக்குத் தொடர்வண்டிகளில் இணைத்து அளவீடுகள் செய்து 1910 இல் முடிவுகளை வெளியிட்டார். பெட்டிகளின் சராசரி எடை கூடும்போது ஒரு டன்னுக்குத் தேவைப்படும் இழுவிசை குறைகிறது என்பது அதன் சாரம். சம எடையுள்ள இரு தொடர்வண்டிகளில், சரக்கேற்றிய பெட்டிகளைக் கொண்டது எளிதாக நகரும். வெற்றுப் பெட்டிகளைக் கொண்டது கடினமாக நகரும். எஞ்சின் ஒன்றுக்கு எத்தனை டன் சுமை தரலாம் என்பதைக் கணிப்பதில் இவ்வேறுபாடு முக்கியமானது. 1912 - 1913 இல் இங்கும் ஓர் எஞ்சின் சோதனைக்கூடம் கட்டப்பட்டது. இல்லினாய் சென்ட்ரல் நிறுவனத்தின் சரக்கு எஞ்சின் ஒன்றின் சோதனை முடிவுகள் 1915 இல் வெளியாயின.

சிக்காகோ புகை அறிக்கை

சிக்காகோ அக்காலத்தில் அமெரிக்காவின் மிகப்பெரிய தொடர்வண்டி மையம் ஆகும். நகரின் புகைக்கு எஞ்சின்களே காரணம் என்றும், அனைத்து நிலையங்களையும் மின்மயமாக்க வேண்டும் என்றும் மக்கள் கோரினர். சிக்காகோ வணிகச் சங்கம் 1911 இல் ஒரு குழுவை அமைத்தது. அதில் தொடர்வண்டி நிறுவனங்களின் பிரதிநிதிகளும் இருந்தனர். 1913 இல் கோஸ் அதன் தலைமைப் பொறியாளரானார்.

1915 இல் வெளிவந்த அறிக்கை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. கண்ணுக்குத் தெரியும் புகையில் நீராவி எஞ்சின்களின் பங்கு சுமார் 22 விழுக்காடு என்றும், காற்றில் கலக்கும் திடத் துகள்களில் சுமார் 7.5 விழுக்காடு என்றும் அது கணக்கிட்டது. மீதி, ஆலைகள், வீடுகள் முதலியவற்றிலிருந்து வந்தது. மின்மயமாக்கல் தொழில்நுட்ப முறையில் இயலக்கூடியது. ஆனால் நிதி நிலையில் நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது அதன் முடிவு. அதுவரை மின்மயமான பெருநிலையங்கள் பெரும்பாலும் பயணிகளுக்கானவை. பல நிறுவனங்களின் சரக்குப் பணிமுற்றங்கள் பின்னிக் கிடக்கும் சிக்காகோவுக்கு இணையான முன்மாதிரி இல்லை.

புகையை நேரில் சுவாசித்த மக்களுக்கு இம்முடிவு ஏமாற்றமளித்தது. 1919 இல் நகரமன்றம் இயற்றிய ஏரிக்கரைச் சட்டத்தின்படி இல்லினாய் சென்ட்ரல் நிறுவனம் தனது புறநகர்ச் சேவையை 1926 இல் மின்மயமாக்கியது. சரக்கு முற்றங்களில் நீராவிப் புகை ஓய்ந்ததோ மின்சாரத்தால் அல்ல. பிற்காலத்தில் வந்த டீசல் எஞ்சின்களால் ஆகும்.

இறுதிக் காலம்

1917 இல் கோஸ் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகி, நியூயார்க்கில் தொடர்வண்டிப் பெட்டி உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவரானார். 1925 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1928 இல் காலமானார். அவரது கொடையால் பர்டூவில் பொறியியல் வரலாற்று நூலகம் ஒன்று அவர் பெயரில் அமைந்தது.

பங்களிப்பு

கோஸ் புதிய எஞ்சின் எதையும் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர் அல்லர். எஞ்சின்களை ஒப்பிடுவதற்கான நம்பத்தகுந்த அளவுகோலை உருவாக்கியதே அவரது பங்களிப்பு ஆகும். பர்டூவுக்குப் பின் இங்கிலாந்தின் இஸ்விண்டன் (1904), பிரான்சின் விட்ரி (1933), இங்கிலாந்தின் ரக்பி (1948) ஆகிய இடங்களில் எழுந்த சோதனை நிலையங்களும் எஞ்சினை உருளும் சக்கரங்களின் மேல் நிறுத்தி அளக்கும் அதே கோட்பாட்டைப் பின்பற்றின. தொடர்வண்டித் துறையின் வினாக்களுக்குப் பல்கலைக்கழகங்கள் விடை தேடும் மரபும் அவர் காலத்தில்தான் அமெரிக்காவில் வேரூன்றியது.

நூல்கள்

- மேசை மரவேலை (1880களின் இறுதி)
- தொடர்வண்டி எஞ்சின் தீப்பொறிகள் (1902)
- தொடர்வண்டி எஞ்சினின் செயல்திறன் (1900களின் நடுப்பகுதி)
- தொடர்வண்டிப் பணியில் உயர் நீராவி அழுத்தங்கள் (1907)
- தொடர்வண்டிப் பணியில் மீவெப்ப நீராவி (1910)