இலக்கு வேகமும் வில்லியம் ஃப்ரூடும்

பாய்மரப் படகுப் பந்தயங்களில் 'இலக்கு வேகம்' என்றொரு நடைமுறை உண்டு. இன்ன வேகத்தில் காற்று வீசினால் இந்தப் படகு இன்ன வேகத்தில் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கணித்து, அட்டவணையாக்கிச் சுக்கான் பிடிப்பவர் கண்ணில் படும்படி வைத்துவிடுகிறார்கள். போட்டியாளரின் படகைவிட அந்த எண்ணே அவருக்கு முக்கிய வழிகாட்டி. இலக்குகளைப் பற்றிப் பொருளாதார வகுப்புகளில் பல்லாண்டுகள் பேசிய நான், இந்த நடைமுறையின் வேரைத் தேடிச் சென்றபோது வந்து சேர்ந்த இடம் வில்லியம் ஃப்ரூடின் வாழ்க்கை.

1810-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், தேவாலயப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஃப்ரூட். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டனி ஃப்ரூட் இவருடைய தம்பி. ஆக்ஸ்ஃபர்டில் கணிதம் பயின்று, புகழ்பெற்ற பொறியாளர் புரூனலின் கீழ் ரயில் பாதைப் பணியில் ஈடுபட்டார். அலைகளில் கப்பல் ஏன் உருண்டாடுகிறது என்பதை ஆராயுமாறு பின்னாளில் புரூனல் கேட்டுக்கொண்டதே இவரைக் கடலின் பக்கம் திருப்பியது.

ஒரு கப்பல் எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பது அதைக் கட்டி முடித்த பிறகே தெரியவந்த காலம் அது. சிறிய மாதிரிகளைக் கொண்டு பெரிய கப்பலைக் கணிக்க முடியும் என்பதை ஜான் ஸ்காட் ரஸ்ஸல் உள்ளிட்ட வல்லுநர்கள் ஏற்கவில்லை. ஃப்ரூட் 1867-இல் டார்ட் நதியில் 'ஸ்வான்', 'ரேவன்' என்னும் இரு வடிவங்களில் மாதிரிகளை இழுத்துப் பார்த்தார். குறைந்த வேகத்தில் கூர்முனை கொண்ட ரேவனும், அதிக வேகத்தில் மழுங்கிய முனைகள் கொண்ட ஸ்வானும் எளிதாகச் சென்றன. எல்லா வேகத்துக்கும் உகந்த ஒரே வடிவம் என்று எதுவும் இல்லை எனத் தெளிவாயிற்று.

இத்தகைய சோதனைகளிலிருந்து அவர் வகுத்த விதி எளிமையானது. கப்பல் எழுப்பும் அலைகளின் அமைப்பு, அதன் வேகத்துக்கும் நீளத்தின் வர்க்கமூலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. பதினாறில் ஒரு பங்கு நீளமுள்ள மாதிரியை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் இழுத்தால், பெரிய கப்பல் எழுப்பும் அதே அலைக்கோலம் சிறிய அளவில் தோன்றும். நீரின் உராய்வைப் பலகைகளை இழுத்துத் தனியே அளந்தார். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள கனமான படகு ஏறத்தாழ 6.7 நாட் வேகத்தைத் தாண்டத் திணறுவது ஏன் என்பதற்கான விடையும் இதில் அடங்கியிருக்கிறது.

1870-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் 2,000 பவுண்டு ஒதுக்கியது. டார்க்கீயில் தம் வீட்டருகே ஃப்ரூட் அமைத்த சோதனைத் தொட்டி 1872-இல் செயல்படத் தொடங்கியது. 'கிரேஹவுண்ட்' என்னும் உண்மையான போர்க்கப்பலை இன்னொரு கப்பலால் இழுத்து அளந்தபோது, மாதிரியின் கணிப்பு பெரிதும் ஒத்துவந்தது. 1879-இல் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் அவர் மறைந்தார்.

அவருடைய விதியின் துணையோடு, 1936-இல் அமெரிக்காவின் கென்னத் டேவிட்சன், 'கிம்கிராக்' என்னும் பாய்மரப் படகைக் கடலிலும் அதன் மாதிரியைத் தொட்டியிலும் அளந்து, பாயின் விசையைக் கணித்தார். 1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் இக்கணிப்பைக் கணினிக்குக் கொண்டுசென்றது. இலக்கு வேக அட்டவணைகள் இவ்வழியில் வந்தவையே.

எதிர்க்காற்றில் செல்லும் ஒரு படகின் இலக்கு 6.2 நாட் என்று கொள்வோம். மானி 5.8 காட்டினால், காற்றுத் திசையிலிருந்து சற்றே விலகி வேகம் கூட்ட வேண்டும். 6.6 காட்டினால் மகிழ்வதற்கில்லை; படகு காற்றிலிருந்து அதிகம் விலகி, நீண்ட வழியில் போகிறது என்று பொருள். மிகுந்த வேகத்தைச் செலவிட்டுக் காற்றை நோக்கித் திருப்ப வேண்டும். இலக்கைத் தாண்டுவதும் இங்கே பிழைதான்.

பொருளாதாரத்தில் நாம் இலக்கு வைக்கும் முறை இதற்கு நேர்மாறானது. சென்ற ஆண்டின் எண்ணோடு பத்து விழுக்காட்டைக் கூட்டுகிறோம். அண்டை மாநிலத்தை முந்தியதும் நிறைவடைகிறோம். இலக்கை மிஞ்சியவரைப் பாராட்டுகிறோம், எதை இழந்து மிஞ்சினார் என்று கேட்பதில்லை. நம் ஆற்றலின் எல்லை எது என்று அளப்பதற்குச் செலவிடத் தயங்குகிறோம். அளந்தறியாத இலக்கு வெறும் விருப்பமே. எல்லையை அளந்த பிறகும் கூடுதல் வேகம் தேவையெனில், மாலுமிகளைக் கடிந்து பயனில்லை. படகை நீளமாகக் கட்ட வேண்டும்.