காத்திருந்த இடக்கை

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் 1910ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் காரோய் டக்காச் பிறந்தார். டக்காச் என்பது அவருடைய குடும்பப் பெயர். சீனப் பெயர்களில் உள்ளதைப் போலவே ஹங்கேரியர்களும் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள். ஆகவே, சொந்த நாட்டில் அவர் டக்காச் காரோய் என்றே அழைக்கப்பட்டார்.

இளமையிலேயே அவர் படையில் சேர்ந்தார். படைவீரர்கள் எல்லாரும் துப்பாக்கி சுடப் பழகுவார்கள். ஆனால் டக்காச்சுக்குக் கைத்துப்பாக்கி கடமையாக மட்டும் இருக்கவில்லை. போட்டிகளில் கலந்துகொண்டு படிப்படியாக முன்னேறினார். 1936ஆம் ஆண்டுக்குள் கைத்துப்பாக்கி சுடுவதில் உலகின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவராக விளங்கினார். அந்த ஆண்டுதான் பெர்லின் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவிருந்தன.

ஆனால், ஹங்கேரிய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் அவருடைய திறமையன்று, பதவி. அவர் ஒரு சார்ஜண்ட். படையைச் சேர்ந்தவர்களுள் அதிகாரிகள் மட்டுமே நாட்டுக்காகத் துப்பாக்கி சுடும் போட்டியில் கலந்துகொள்ளலாம் என்பது அன்றைய விதி. எத்தனை குண்டுகள் இலக்கைத் துளைத்தன என்பதைவிடத் தோளில் எந்தப் பதவியின் சின்னம் இருந்தது என்பதே பெரிதாக மதிக்கப்பட்டது.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே பெர்லின் ஒலிம்பிக்கில் ஹங்கேரியின் நீர்ப்பந்து அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய ஒலிவேர் ஹலாஸி சிறுவயதில் நேர்ந்த விபத்தில் இடது காலின் கீழ்ப்பகுதியை இழந்தவர். ஒரு கால் முழுமையாக இல்லாதவரைத் தடுக்காத நாடு, இரு கைகளும் நன்றாக இருந்த டக்காச்சைத் தடுத்துவிட்டது. பெர்லின் போட்டிகள் முடிந்த பிறகு அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் 1940இல் ஜப்பானின் தோக்கியோ நகரில் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. டக்காச் அதை எதிர்நோக்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

1938ஆம் ஆண்டு படைப்பயிற்சி ஒன்றின்போது, பழுதான கையெறி குண்டு ஒன்று அவர் வீசுவதற்கு முன்பே வெடித்தது. அவருடைய வலக்கை சிதைந்தது. பல ஆண்டுகளாகத் துப்பாக்கி பிடித்துப் பழகிய கை அது. மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்தார். அந்தக் கையால் இனிப் போட்டியில் சுட முடியாது என்பது தெளிவாகிவிட்டது.

அவர் இழந்தது எவ்வளவு பெரியது என்பதை உணர வேண்டுமானால், அவருடைய போட்டி எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டக்காச்சுக்கு உரியது விரைவுச் சுடுதல் போட்டி. 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். அவை ஒரே நேரத்தில் சுடுபவரை நோக்கித் திரும்பும். குறித்த நேரம் முடிந்ததும் விலகிக்கொள்ளும். அதற்குள் ஐந்து இலக்குகளையும் ஆளுக்கொரு குண்டாகச் சுட்டுவிட வேண்டும். முதலில் அதற்குத் தரப்படும் நேரம் 8 விநாடி. பிறகு அது 6 விநாடியாகவும் இறுதியில் 4 விநாடியாகவும் குறையும். துப்பாக்கியை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். மறுகையால் தாங்கிக்கொள்ள விதி இடம் தராது.

நான்கு விநாடியில் ஐந்து குண்டுகள் என்றால், யோசித்துச் சுட நேரமில்லை. கையை உயர்த்துவது, முதல் இலக்கில் நிறுத்துவது, விசையை அழுத்துவது, துப்பாக்கியின் உதைப்பை அடக்கி அடுத்த இலக்குக்கு நகர்வது ஆகிய எல்லாவற்றையும் கை தானாகவே செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கான பயிற்சியால்தான் கைக்கு அந்தப் பழக்கம் வரும். ஒரு கைக்கு வந்த பழக்கம் மறுகைக்குத் தானாகப் போய்விடாது. வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் இடக்கையால் தம் பெயரை எழுதிப் பார்த்தாலே இது விளங்கும். எழுத்துகள் எல்லாம் தெரிந்தவைதாம். இருந்தும் கோணல்மாணலாகத்தான் வரும்.

டக்காச் அந்தக் கோணல் எழுத்திலிருந்து தொடங்கினார். மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் இடக்கையால் சுடப் பழகினார். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பிறர் அறியாமல் தனியாகவே பயிற்சி செய்தார். உலகத் தரத்தில் சுட்ட ஒருவர் மீண்டும் தொடக்க நிலையில் நின்று, இலக்கைத் தவறவிட்டுத் தவறவிட்டுக் கற்பது எளிதன்று. புதிதாகக் கற்பவருக்குத் தம் பிழையின் அளவு தெரியாது. டக்காச்சுக்கோ ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டிருக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

1939ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஹங்கேரியின் தேசியப் போட்டி நடைபெற்றது. டக்காச் அங்கு வந்ததைக் கண்ட சக வீரர்கள், போட்டியைப் பார்த்துச் செல்ல வந்திருப்பதாகவே நினைத்தார்களாம். கைக்கு நேர்ந்ததை எண்ணி ஆறுதலும் சொன்னார்களாம். அவர் இடக்கையில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போட்டியில் இறங்கினார், வென்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வெற்றிபெற்ற ஹங்கேரிய அணியிலும் அவர் இடம்பெற்றார்.

டக்காச்சின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்து நேரே அவருடைய தங்கப் பதக்கத்துக்குத் தாவிவிடுவார்கள். ஆனால், இடையில் ஒன்பது ஆண்டுகள் கிடக்கின்றன. இடக்கையைப் பழக்க அவருக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ ஓராண்டு. அந்தக் கையின் திறனை ஒலிம்பிக்கில் காட்ட அவர் காத்திருந்ததோ அதைவிடப் பல மடங்கு.

ஜப்பான் போரில் ஈடுபட்டிருந்ததால் 1940ஆம் ஆண்டின் போட்டிகள் தோக்கியோவிலிருந்து பின்லாந்தின் ஹெல்சிங்கி நகருக்கு மாற்றப்பட்டன. பிறகு இரண்டாம் உலகப் போர் மூண்டதால் முற்றாகக் கைவிடப்பட்டன. லண்டனில் நடைபெறவிருந்த 1944ஆம் ஆண்டுப் போட்டிகளும் அவ்வாறே நின்றுபோயின. ஹங்கேரியும் போரில் சிக்கிச் சீரழிந்தது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் புடாபெஸ்ட் முற்றுகையிடப்பட்டது. டான்யூப் ஆற்றின் மேலிருந்த அந்நகரின் பாலங்கள் எல்லாம் தகர்க்கப்பட்டன. விளையாட்டாளர்களுக்கு வயது நின்று காத்திருப்பதில்லை. 28 வயதில் கையை இழந்தவருக்கு அடுத்த ஒலிம்பிக் வந்தபோது 38 வயது.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் எளிமையாகவே நடந்தது. பிரிட்டனில் உணவுப் பங்கீட்டு முறை இன்னும் நீங்கவில்லை. புதிய விளையாட்டரங்குகள் கட்டப்படவில்லை. விளையாட்டாளர்கள் படை முகாம்களிலும் கல்லூரிகளிலும் தங்கவைக்கப்பட்டனர். சிங்கப்பூர் முதன்முதலாகப் பங்கேற்ற ஒலிம்பிக்கும் அதுதான். உயரம் தாண்டும் வீரர் லாய்ட் வால்பெர்க் தனியொருவராக அதைப் பிரதிநிதித்தார்.

துப்பாக்கி சுடும் போட்டிகள் லண்டனுக்கு வெளியே பிஸ்லி என்னும் ஊரில் நடைபெற்றன. விரைவுச் சுடுதலில் வெல்லக்கூடியவர் என்று பலரும் எதிர்பார்த்தது அர்ஜென்டினாவின் சாயென்ஸ் வாலியென்டேயை. முந்திய ஆண்டு உலக வெற்றியாளரானவர் அவர். போட்டிக்கு முன் டக்காச்சைக் கண்ட அவர், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று வியப்போடு வினவியதாகவும், கற்றுக்கொள்ள வந்திருப்பதாக டக்காச் அடக்கத்தோடு விடையளித்ததாகவும் சொல்வார்கள்.

போட்டியில் மொத்தம் 60 குண்டுகள். முழு மதிப்பெண் 600. டக்காச் பெற்றவை 580. அது புதிய உலகச் சாதனை. வாலியென்டே 571 புள்ளிகளோடு இரண்டாம் இடத்தைப் பெற்றார். பதக்க மேடையில் அவர் டக்காச்சைப் பார்த்து, போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று பாராட்டினாராம். தோற்றவர் வாயிலிருந்து வந்த பாராட்டு என்பதால் அந்நிகழ்ச்சி இன்றும் சொல்லப்படுகிறது.

லண்டன் போட்டிகள் தொடங்கிய ஜூலை 29ஆம் நாள், இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் இன்னொரு போட்டியும் நடந்தது. போரில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்த 16 பேர் அம்பெய்தலில் போட்டியிட்டனர். அதை ஏற்பாடு செய்தவர் மருத்துவர் லுட்விக் கட்மன். அந்தச் சிறிய முயற்சியே வளர்ந்து, 1960இல் ரோம் நகரில் உடற்குறையுள்ளோருக்கான முதல் ஒலிம்பிக்காக மலர்ந்தது. ஆனால், 1948இல் டக்காச்சுக்குத் தனிப் பிரிவு எதுவும் இல்லை. இரு கைகளும் நலமாக இருந்தவர்களோடு, அதே இலக்குகளை, அதே விநாடிகளில்தான் அவர் சுட்டார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஹெல்சிங்கியில் அவருக்கு முன் கடினமான போட்டி காத்திருந்தது. அதை உருவாக்கியவரும் அவரே. இதற்கிடையில் அவர் பயிற்றுநராகியிருந்தார். அவரிடம் பயின்ற சிலார்ட் குன் என்னும் 17 வயது இளைஞரும் ஹங்கேரிக்காகக் களமிறங்கினார். இறுதியில் டக்காச் 579 புள்ளிகளும் குன் 578 புள்ளிகளும் பெற்றனர். ஒரே ஒரு புள்ளியில் ஆசிரியர் தங்கம் பெற, மாணவர் வெள்ளி பெற்றார். மாணவருக்குச் சொல்லிக்கொடுத்ததில் அவர் எதையும் மறைத்துவைக்கவில்லை என்பதற்கு அந்த ஒரு புள்ளியே சான்று. வாலியென்டே இம்முறை நான்காம் இடத்தில் நின்றார். விரைவுச் சுடுதலில் இருமுறை ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் வீரர் டக்காச்தான்.

1956இல் மெல்பர்னில் தம் 46ஆம் வயதில் மூன்றாம் முறையாக முயன்றார். எட்டாம் இடமே கிடைத்தது. அதோடு அவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். தம் நாட்டில் மட்டும் அவர் வென்ற தேசியப் பட்டங்கள் 35.

காரோய் டக்காச் 1976ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் காலமானார். சார்ஜண்ட் என்பதால் ஒருகாலத்தில் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்த அவர், படையிலிருந்து ஓய்வுபெற்றபோது லெப்டினென்ட் கர்னல் பதவியில் இருந்தார்.