ஒன்றரை லட்சத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கேட்ட பேராசிரியர்

1930-களில் நடந்த சம்பவம் இது. அப்போது பிரிவினை ஆகாத பஞ்சாபில், ராவல்பிண்டிப் பகுதியில், அட்டக் ஆயில் கம்பெனி பூமியைத் துளைத்துப் பெட்ரோலியம் எடுத்துக்கொண்டிருந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அடிக்கடி நின்று போயிற்று.

எண்ணெய்க் கிணறு தோண்டுவது தண்ணீர்க் கிணறு தோண்டுவது போன்றதல்ல. துளையிடும் குழாய்க்குள் களிமண் கரைத்த குழம்பை ஓயாமல் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குழம்புதான் துளைக்கருவியின் சூட்டைத் தணிக்கும். உடைந்த கல்லையும் மண்ணையும் மேலே கொண்டு வரும். ராவல்பிண்டிப் பகுதியில் பூமிக்கு அடியில் உப்புத் தண்ணீர் இருந்தது. அந்த உப்புத் தண்ணீர் பட்டதும் குழம்பு கெட்டியாகி இறுகிற்று. பிறகு துளைக்கருவி எப்படிச் சுழலும்?

கம்பெனியார் கடைசியில் லாகூருக்கு வந்தார்கள். அங்கே பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஒருவரிடம் இந்தச் சங்கடத்தைச் சொன்னார்கள்.

பேராசிரியருக்கு விஷயம் விளங்கிவிட்டது. களிமண் குழம்பில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால்தான் குழம்பு குழம்பாக இருக்கிறது. உப்பு சேர்ந்தால் அந்த விலக்கும் சக்தி போய்விடுகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டி தட்டுகின்றன. இதற்கு அவர் சொன்ன மருந்து, நம் நாட்டில் கிடைக்கும் சாதாரண மரப்பிசின்! பிசினைக் கலந்ததும் குழம்பு இளகிற்று. உப்புத் தண்ணீர் பட்டாலும் கட்டி தட்டவில்லை. கிணற்று வேலை தொடர்ந்தது.

அட்டக் கம்பெனியோடு சேர்ந்த லண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனத்தாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பெட்ரோலியம் சம்பந்தமாக எந்த ஆராய்ச்சி வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லி, பேராசிரியருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க முன்வந்தார்கள். ஒரு பவுன் தங்கம் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது! லாகூரில் மாளிகையே கட்டிக்கொண்டிருக்கலாம்.

பேராசிரியர் அந்தப் பணத்தைத் தமக்கு வேண்டாம் என்றார். பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள், அதைக் கொண்டு ஆராய்ச்சி நடக்கட்டும் என்றார்.

அவர்தான் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர்.

தாத்தா வீட்டில் வளர்ந்தவர்

பட்நாகர் 1894-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந்தேதி பேரா என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது தந்தை பரமேஸ்வரி சகாய் காலமானார். தாய் குழந்தையுடன் உத்தரப்பிரதேசத்தில் உள்ள சிக்கந்தராபாத்துக்கு, பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். (ஆந்திராப் பக்கத்துச் செகந்திராபாத் வேறு.)

தாத்தா என்ஜினீயர். பேரனுக்கும் எந்திரப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. விளையாட்டுக் கருவிகள், மின்சார பாட்டரி, நூல் கட்டிய டெலிபோன் என்று எதையாவது செய்துகொண்டே இருப்பான். தாய்வழிக் குடும்பத்தில் கவிஞர்களும் இருந்தார்கள். அதனால் உருதுக் கவிதையும் ஒட்டிக்கொண்டது. கடைசி வரை பட்நாகரை இந்த இரண்டும் விடவில்லை.

லாகூர் தயாள்சிங் கல்லூரியில் படித்தபோது உருது நாடகம் எழுதிப் பரிசு வாங்கினார். அதே சமயத்தில், பாட்டரிக்கு வேண்டிய கரித் தண்டை, சர்க்கரைப் பாகுக் கழிவையும் கரிப்பொருளையும் சேர்த்து அழுத்திச் சுட்டு நம் நாட்டிலேயே செய்யலாம் என்று பத்திரிகைக்கும் எழுதினார். வயது பதினேழு! கழிவிலிருந்து காசு வரும் என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது.

1915-ல் லாஜ்வந்தியை மணந்தார். 1919-ல் ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. தேறினார். வெளிநாடு சென்று படிக்கத் தயாள்சிங் கல்லூரி அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது.

கப்பலில் இடம் இல்லை

அவர் போக வேண்டியது அமெரிக்கா. வழியில் லண்டனில் இறங்கினார். முதல் உலக யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஊர் திரும்பும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கே கப்பல்களில் இடம் போதவில்லை. லண்டனிலேயே தங்கிப் படிக்க அறக்கட்டளையார் அனுமதித்தார்கள்.

இப்படி எதிர்பாராமல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் டானனிடம் மாணவராகச் சேர்ந்தார். எண்ணெயும் தண்ணீரும் கலந்து நிற்கும் குழம்புகளைப் பற்றி ஆராய்ந்து 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னாளில் ராவல்பிண்டிக் குழம்பின் நோயைக் கண்டுபிடிக்க உதவியது இந்தப் படிப்புதான். கப்பலில் இடம் கிடைத்து அமெரிக்கா போயிருந்தால் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இந்தியா திரும்பியதும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் கீதத்தை எழுதியவரும் இவரே. ரசாயனப் பேராசிரியர் இயற்றிய பாட்டைத்தான் அங்கே இன்றும் பாடுகிறார்கள். 1924-ல் லாகூருக்கு மாறினார். அங்கே ரசாயன ஆய்வுக்கூடங்களின் டைரக்டராகவும் ஆனார்.

கரும்புச் சக்கையில் தொடக்கம்

லாகூரில் தொழில் துறையிலிருந்து அவருக்கு வந்த முதல் கேள்வி கரும்புச் சக்கையைப் பற்றியது. கேட்டவர் சர் கங்காராம். லாகூரில் பெரிய கட்டிடங்களைக் கட்டிய என்ஜினீயர், பெரிய விவசாயி. டெல்லியில் உள்ளவர்களுக்குக் கங்காராம் ஆஸ்பத்திரி என்றால் தெரியும். சக்கையை மாட்டுத் தீவனக் கட்டியாக மாற்றும் முறையைப் பட்நாகர் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

பிறகு டெல்லி கிளாத் மில், கான்பூர் ஜே.கே. மில், பம்பாய் டாட்டா ஆயில் மில் என்று ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள்.

1928-ல் மாதூர் என்பவருடன் சேர்ந்து, பொருள்களின் காந்த குணத்தை அளக்கும் நுட்பமான தராசு ஒன்றைச் செய்தார். அதை லண்டன் ஆடம் ஹில்கர் கம்பெனி தயாரித்து விற்றது. ஆய்வுக்கூட மேஜையில் பிறந்த இந்தியக் கருவி சீமையில் வியாபாரச் சரக்காயிற்று.

அந்தக் காலத்தில் வாத்தியார் என்றால் பாடம் சொல்ல வேண்டியவர், மில்காரர் என்றால் லாபம் பார்க்க வேண்டியவர். இருவரும் நெருங்கினால் ஒன்று வாத்தியார் பணத்தாசை பிடித்தவர் என்று பெயர் எடுப்பார், இல்லையென்றால் மில்காரர் ஏமாந்தார் என்பார்கள். பட்நாகருக்கு இந்தப் பெயர் வரவில்லை. காரணம், அந்த ஒன்றரை லட்சம்.

அந்தப் பணத்தில் லாகூர்ப் பல்கலைக்கழகத்தில் பெட்ரோலிய ஆராய்ச்சித் துறை ஏற்பட்டது. மெழுகின் துர்நாற்றத்தைப் போக்குவது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயரமாக எரிய வைப்பது, உலோகம் அரிக்காமல் தடுப்பது, எண்ணெய் ஆலைக் கழிவுகளைப் பயன்படுத்துவது என்று பல ஆராய்ச்சிகள் அங்கே நடந்தன. பலனைப் பார்த்த கம்பெனியார் தொகையை உயர்த்தினார்கள். ஐந்து ஆண்டுக் கெடுவைப் பத்து ஆண்டாக நீட்டினார்கள். தமக்கென்று வாங்கியிருந்தால் ஒரு தடவையோடு முடிந்திருக்கும். பல்கலைக்கழகத்துக்கு வாங்கியதால் ஊற்றுப் போல வந்துகொண்டிருந்தது.

புகழ்பெற்ற விஞ்ஞானி மேகநாத் சாஹா 1934-ல் பட்நாகருக்குக் கடிதம் எழுதி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பையே பொதுமக்கள் மத்தியில் உயர்த்திவிட்டதாகப் பாராட்டினார்.

ஆற்காட்டுத் தமிழர் அழைத்தார்

1939-ல் இரண்டாம் உலக யுத்தம் வந்தது. சீமைச் சரக்குக் கப்பல்கள் வருவது குறைந்தது. மருந்து, சாயம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. நம் நாட்டிலேயே செய்தாக வேண்டிய நிலைமை.

அப்போது வைசிராய் நிர்வாக சபையில் வர்த்தக மெம்பராக இருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக்கு ஒரு போர்டு வேண்டும் என்று அவர் வெள்ளைக்கார சர்க்காரை விடாமல் வற்புறுத்தினார். 1940 ஏப்ரலில் போர்டு அமைந்தது. முதலியார் தலைவர், பட்நாகர் டைரக்டர். லாகூர்ப் பேராசிரியர் சர்க்கார் வேலைக்கு வந்தது இப்படித்தான். வேலை கல்கத்தா அலிப்பூரில் தொடங்கியது. ஆண்டுச் செலவுக்கு ஐந்து லட்சம் ரூபாய்.

இரண்டு ஆண்டுகளுக்குள் விஷவாயு தாக்காத துணி, தாவர எண்ணெய் கலந்த எஞ்சின் எண்ணெய், ராணுவ உடைக்குச் சாயம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் கண்டுபிடித்தால் போதுமா? அதை யார் தயாரிப்பது? யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது?

இதற்காக 1941-ல் பட்நாகரும் முதலியாரும் தனிக் கமிட்டி ஒன்றை ஏற்படுத்தச் செய்தார்கள். கண்டுபிடிப்பைத் தகுதியுள்ள தொழிலதிபரிடம் சேர்ப்பிப்பது கமிட்டியின் வேலை. அதற்கு அவர் செலுத்தும் ராயல்டி சர்க்கார் கஜானாவில் கரைந்துவிடாமல் தனி நிதியாகச் சேர்ந்து மறுபடி ஆராய்ச்சிக்கே வர வேண்டும். லாகூரில் ஒரு கம்பெனியோடு செய்து பார்த்த அதே ஏற்பாடுதான். இப்போது நாடு முழுவதற்கும்!

அதே ஆண்டு நவம்பரில், ஆண்டுக்கு பத்து லட்சம் ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ஆராய்ச்சி நிதி ஒதுக்க, முதலியார் மத்திய சட்டசபையின் சம்மதத்தைப் பெற்றார். 1942 செப்டம்பரில் சி.எஸ்.ஐ.ஆர். என்ற விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பிறந்தது. டெல்லி ரபி மார்க்கில் இன்று அதன் தலைமை அலுவலகம் இருக்கிறது.

லாகூர் போயிற்று, காரைக்குடி வந்தது

பட்நாகரின் சொந்த வாழ்க்கையில் அடுத்தடுத்து அடி விழுந்தது. 1946-ல் மனைவி காலமானார். மனைவி பெயரையே வைத்து உருதுக் கவிதை நூல் வெளியிட்டார். மறு ஆண்டு நாடு பிரிந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த லாகூர் ஆய்வுக்கூடம் பாகிஸ்தானுக்குப் போயிற்று.

அவர் உட்கார்ந்துவிடவில்லை. பிரதமர் நேருவின் ஆதரவுடன் தேசிய ஆய்வுக்கூடங்களைக் கட்டலானார். 1950 ஜனவரியில் பூனாவில் ரசாயன ஆய்வுக்கூடத்தை நேரு திறந்தார். அதே மாதம் டெல்லி பூசாவில் பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சர்தார் பட்டேல் திறந்தார். அதன் முதல் டைரக்டர் தமிழரான டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன். சென்னையில் தோல் ஆராய்ச்சிக் கூடம் வந்தது. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அள்ளிக் கொடுக்க, மின்ரசாயன ஆராய்ச்சிக் கூடம் 1953 ஜனவரி 14-ந்தேதி, பொங்கலை ஒட்டித் திறக்கப்பட்டது.

இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆராய்ச்சியைத் தனிக் கட்டிடங்களுக்குக் கொண்டுபோனால் பல்கலைக்கழகங்கள் மெலிந்துவிடும் என்று எச்சரித்தவர்களில் மேகநாத் சாஹாவும் ஒருவர். முன்பு பாராட்டிக் கடிதம் எழுதிய அதே சாஹா! சர் சி.வி. ராமனோ, ஆய்வுக்கூடங்கள் பெருகுவதை நேரு, பட்நாகர் இருவர் பெயரையும் சேர்த்து ஒரு விஞ்ஞான விளைவு போல் பெயரிட்டுக் கேலி செய்தார்.

அந்த எச்சரிக்கையில் நியாயம் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் பணம் தேடிக் கொடுத்த மனிதரே பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஆராய்ச்சியைக் கொண்டுபோனார் என்பது அவர் வாழ்க்கையில் உள்ள முரண்பாடு. பட்நாகரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. புதிதாக விடுதலை பெற்ற நாட்டுக்குத் தொழில் உடனே வேண்டியிருந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகமாக வளர்ந்து வரும்வரை காத்திருக்க அவகாசம் இல்லை. 1953-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் பொறுப்பும் அவரிடமே வந்தது. ஆனால் அங்கே அதிக நாள் வேலை செய்ய அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

விரலில் வைக்கும் மை

ஆய்வுக்கூடங்கள் வந்தன. கண்டுபிடிப்புகளும் வந்தன. பழைய கேள்வியும் கூடவே வந்தது. கண்டுபிடிப்பைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோவது யார்?

விஞ்ஞானிக்கு வியாபாரம் தெரியாது. வியாபாரிக்கு விஞ்ஞானம் தெரியாது. நடுவில் ஒருவர் வேண்டும். அதற்காக 1953 டிசம்பர் 31-ந்தேதி தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கார்ப்பொரேஷன் டெல்லியில் ஏற்பட்டது. இதற்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பட்நாகர். கண்டுபிடிப்புக்குப் பேடண்ட் வாங்குவது, தயாரிக்க முன்வருபவருக்கு லைசென்ஸ் கொடுப்பது, ராயல்டி வசூலிப்பது இதன் வேலை.

இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தேர்தலில் ஓட்டுப் போடும்போது விரலில் வைக்கிறார்களே அழியாத மை, அது டெல்லி பௌதிக ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கார்ப்பொரேஷன் மூலம் லைசென்ஸ் பெற்று மைசூர் பெயிண்ட் கம்பெனி அதைத் தயாரிக்கிறது. 1962 பொதுத் தேர்தலிலிருந்து அந்த மைதான் கள்ள ஓட்டுக்குக் காவல். வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி ஆகிறது.

பட்நாகர் அதைப் பார்க்கவில்லை. கார்ப்பொரேஷன் தொடங்கி சரியாக ஓராண்டு முடிந்த மறுநாள், 1955 ஜனவரி முதல் தேதி, புத்தாண்டு தினத்தில் மாரடைப்பால் டெல்லியில் காலமானார். வயது அறுபதுதான். 1941-ல் சர் பட்டமும், 1943-ல் லண்டன் ராயல் சொசைட்டி அங்கத்தினர் பெருமையும், 1954-ல் பத்மபூஷணும் பெற்றவர். அவர் பெயரால் 1957-ல் ஏற்பட்ட பரிசு, பல ஆண்டுகள் இளம் விஞ்ஞானிகள் கனவு காணும் பரிசாக இருந்து வந்தது.

இன்று ஐ.ஐ.டி.களில் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து கம்பெனி தொடங்குகிறார்கள். ஆராய்ச்சியில் வரும் பணத்தில் பேராசிரியருக்கு எவ்வளவு, கல்லூரிக்கு எவ்வளவு என்று விதிகள் எழுதியிருக்கிறார்கள். பட்நாகர் காலத்தில் அப்படி விதி ஏதும் இல்லை. பணம் முழுவதையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் நீட்டிய இடத்திலெல்லாம் தொழிலதிபர்களும் சர்க்காரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்.