கடலின் ரத்தசோகையைக் காட்டிய ஜான் மார்ட்டின்



வாராவாரம் நமக்குப் பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வாந்தி வருதுன்னு நான் பல தடவை அதை ஜன்னல் வழியா வீசியிருக்கேன் (டீச்சர் மன்னிக்கவும்). ஆனால் கடலுக்கே இரும்புச்சத்து பற்றாது என்று காட்டிய ஒருவரைப் பற்றிப் படித்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

ஜான் மார்ட்டின் 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். கல்லூரியில் படிக்கும்போது போலியோ வந்து கால்கள் பாதிக்கப்பட்டன. ஆனாலும் அவர் மனம் தளராமல் கடல் ஆராய்ச்சியைத் தேர்ந்தெடுத்தார். பிறகு கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார்.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் நைட்ரேட், பாஸ்பேட் ஏராளம். நாம வயலுக்குப் போடுற உரம் மாதிரிதான். ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குறைவாகவே வளர்ந்தன. மீன், இறால், திமிங்கலம் எல்லாவற்றுக்கும் அடிப்படை உணவு இந்தப் பாசிதான். அப்புறம் ஏன் வளரவில்லை? இரும்பு குறைவு என்று முன்பே சிலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் சரியாக அளக்க முடியவில்லை. ஏனென்றால் கப்பலே இரும்பு! துளி துரு விழுந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

நம்ம கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது நல்லா புரியும். கம்பி கம்பெனிக்குப் போற எங்கப்பா சட்டையை உதறினாலே வாசலெல்லாம் கறுப்புத் தூள்தான். மார்ட்டின் குழுவினர் அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் எடுத்து, தூசி புகாத அறையில் சோதித்தார்கள். கடல்நீரில் இரும்பு மிகமிகக் குறைவு! துளி இரும்பு சேர்த்ததும் பாட்டிலுக்குள் பாசி வேகமாக வளர்ந்தது. இதை 1980-களின் கடைசியில் உலகுக்குச் சொன்னார்.

கடலுக்கு இரும்பு எப்படி வருகிறது தெரியுமா? பாலைவனத் தூசியைக் காற்று கொண்டுவருகிறது. பனியாறும் கொண்டுவருகிறது. பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை அம்மி மாதிரி அரைக்கிறது. பனி உருகும்போது இரும்பு கலந்த அந்தப் பாறை மாவு கடலில் சேர்கிறது. இப்போது பூமி சூடாகி கிரீன்லாந்து, அண்டார்டிகா பனி அதிகமாக உருகுகிறது. அந்த இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள்.

1993 ஜூன் மாதம் மார்ட்டின் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய நண்பர்கள் கலபகாஸ் தீவுகள் அருகே 64 சதுர கிலோமீட்டர் கடலில் இரும்பைக் கரைத்தார்கள். பாசி பெருகியது. பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை!

2009-இல் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியும் சேர்ந்து தென்கடலில் இதே மாதிரி சோதனை செய்தன. அதன் பெயர் லோஹாஃபெக்ஸ். இந்தியில் லோஹா என்றால் இரும்பு. பாசி வளர்ந்தது. ஆனால் சிறிய உயிரினங்கள் அதைத் தின்றுவிட்டன. காற்றிலுள்ள கரியமில வாயு எதிர்பார்த்த அளவு ஆழ்கடலுக்குப் போகவில்லை. இரும்பு மட்டும் போதாது என்று அப்போது தெரிந்தது.

நமக்கும் அப்படித்தான் தோழிகளே! மாத்திரையோடு கீரையும் முட்டையும் வேணும். வெறும் வயித்துல போடாம சாப்பிட்டுட்டுப் போட்டேன், வாந்தி வரல. இப்ப நான் வீசுறதில்லை. நீங்களும் வீசாதீங்க.

– 9-ஆம் வகுப்பு மாணவி